சதையிப் புற்றுநோய்க்கு மருந்துச் சேர்க்கை: முதற்கட்டச் சோதனையின் எண்களை எப்படி வாசிப்பது?

வாசகர் கேள்வி, ஹட்டன், 2024 ஜூன் 3

என் மாமாவுக்குச் சதையியில் (கணையத்தில்) புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது என்று கண்டியில் சொல்லிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த முதற்கட்டச் சோதனை ஒன்றில் பாதிப்பேருக்குக் கட்டி சுருங்கியதாம். மாமாவின் சேமலாப நிதியை எடுத்து, மாமியின் நகையையும் அடகு வைத்து, சென்னைக்குக் கூட்டிப்போய் அப்படியொரு சோதனையில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். பாதிப்பேருக்குக் குணமாகிறது என்றால் போகத்தானே வேண்டும்?

2024 ஜூன் 3, இரவு

கட்டி சுருங்குவது வேறு, நோய் குணமாவது வேறு. ஸ்கேனில் அளந்த கட்டிகளின் குறுக்களவுகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை முன்பிருந்ததைவிடக் குறைந்தது 30 சதவீதம் இறங்கியிருந்தால், அறிக்கையில் அந்த நோயாளிக்கு மருந்து வேலை செய்தது என்று எழுதிக்கொள்வார்கள். எஞ்சியது ஈரலிலேயே இருக்கும். சில மாதங்களில் மறுபடி வளரவும் கூடும். உங்கள் மச்சான் அனுப்பிய செய்தியில் 'சுருங்கியது' என்றுதான் இருந்திருக்கும்; 'குணமாகிறது' என்பது வீட்டில் சேர்ந்துகொண்ட சொல்லாக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. முதற்கட்டச் சோதனை கேட்கும் கேள்வி 'நோயாளி எவ்வளவு காலம் இருப்பார்' என்பதன்று; 'எவ்வளவு மருந்தை அவருடைய உடம்பு தாங்கும்' என்பதே. வழக்கமான முறையில் மூன்று பேருக்குக் குறைந்த அளவில் தொடங்கி, முதற் சுற்று முடியும் மூன்று அல்லது நான்கு வாரங்கள் பார்த்திருப்பார்கள். ஒருவருக்கும் தாங்கமுடியாத தீங்கு வரவில்லையென்றால் அடுத்த மூவருக்கு அளவை ஒரு படி கூட்டுவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவரைச் சேர்ப்பார்கள். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் எல்லை தாண்டியாயிற்று என்று ஒரு படி இறங்கிவிடுவார்கள். மருந்துச் சேர்க்கையில் இது இன்னும் சிக்கலானது. இரண்டு மருந்தும் கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்களைக் குறைக்குமானால் எதன் அளவைக் குறைப்பது என்ற கேள்வி வரும்; தனித்தனியே முழு அளவில் தாங்கக்கூடிய மருந்துகள் சேர்ந்து வரும்போது முழு அளவில் தாங்கப்படும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நன்றாகப் பதிவான ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்துடன் நாப்-பக்லிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்தைச் சேர்த்துப் பார்த்த முதலாம் இரண்டாம் கட்டச் சோதனையின் (தாங்கும் அளவோடு, கட்டியில் மருந்து வேலைசெய்கிறதா என்றும் பார்ப்பது) முடிவை, அமெரிக்காவின் டேனியல் வொன் ஹொஃப் குழுவினர் 2011இல் வெளியிட்டனர். மொத்தம் 67 பேர். ஜெம்சிடபின் உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 1000 மில்லிகிராம் என்று நிலையாக இருக்க, மற்ற மருந்து 100, 125, 150 என்று மூன்று அளவுகளில் பார்க்கப்பட்டது. 150 பெற்றவர்கள் மூன்று பேர் மட்டுமே. எல்லை 125 என்று முடிவானது. எல்லையைக் காட்டிக்கொடுத்த தீங்குகள் வெள்ளணு வீழ்ச்சியும் இரத்தத்தில் கிருமி பரவியதும். 125 பெற்ற 44 பேரில் 48 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. இடைநிலை ஆயுள் 12.2 மாதங்கள், அதாவது, பாதிப்பேர் அதற்குள் இறந்தார்கள், பாதிப்பேர் அதைத் தாண்டினார்கள். மச்சான் அனுப்பிய 'பாதி' இப்படிப்பட்ட ஒரு பாதியாகத்தான் இருக்கும்.

2024 ஜூன் 4

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர், "அப்படியானால் அந்த 12.2 மாதம் பொய்யா?" என்று கேட்கிறார். பொய்யில்லை, அந்த 44 பேருக்கு அது உண்மை. அதே சேர்க்கையை 861 பேரிடம், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த மூன்றாம் கட்டச் சோதனை 2013இல் வெளியானபோது, சேர்க்கை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.5 மாதங்கள், தனி மருந்து பெற்றவர்களுக்கு 6.7. கட்டி சுருங்கியவர்கள் 48 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக இறங்கியிருந்தார்கள். ஓராண்டைத் தாண்டியவர்கள் 35 சதவீதம். தனி மருந்தில் 22 சதவீதம்.

சேர்க்கை வென்றது என்பதில் ஐயமில்லை. இன்றும் உலகெங்கும் கொடுக்கிறார்கள். ஆனால் முதலில் தெரிந்த வெற்றியின் பருமன் அதுவன்று. சிறு குழு, தேர்ந்தெடுத்த சில மருத்துவ நிலையங்கள், ஒப்பிட இன்னொரு குழு இல்லாமை, இவற்றோடு தற்செயலும் சேர்ந்துகொள்கிறது. 44 பேரில் நான்கைந்து பேர் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்துவிட்டாலே சதவீதம் பத்துப் புள்ளி ஏறிவிடும்.

2024 ஜூன் 7

பண்டாரவளை அன்பர் இதை மறுபக்கத்துக்கு இழுத்துப்போய், ஆரம்பச் சோதனைகள் எல்லாமே ஏமாற்று என்று எழுதியிருக்கிறார். அதை ஏற்க முடியாது.

ஃபோல்ஃபிரினொக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். புளோரோயூரசில், லியூகோவோரின், இரினோடீக்கன், ஒக்சாலிபிளாட்டின் என்று நான்கு மருந்துகள் சேர்ந்தது. பிரெஞ்சு வைத்தியர் தியறி கொன்ரோயின் குழு 2005இல் வெளியிட்ட இரண்டாம் கட்டச் சோதனையில் மருந்து பெற்றவர்கள் 46 பேர். இடைநிலை ஆயுள் 10.2 மாதங்கள். அதே குழு 342 பேரிடம் ஜெம்சிடபினோடு ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டபோது 11.1 மாதங்கள், எதிர்ப்புறத்தில் 6.8. சிறிய சோதனை சொன்னதைப் பெரிய சோதனை உறுதிப்படுத்தியது, இம்மியும் குறையவில்லை. ஆகவே ஆரம்ப எண் பொய்யென்றோ மெய்யென்றோ முன்கூட்டியே தீர்ப்பளிக்க இயலாது. அது ஒரு கேள்வி, அவ்வளவே. பதில் வரும்வரை அதன்மேல் கடன் வாங்கக் கூடாது.

2024 ஜூன் 7, சற்றுப் பின்னர்

மேலே 'உறுதிப்படுத்தியது' என்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். அந்த 342 பேரும் 76 வயதுக்கு உட்பட்டவர்கள், நடமாட்டம் நன்றாக இருந்தவர்கள், காமாலையில் இரத்தத்தில் ஏறும் பித்தநிறப்பொருள் (பிலிருபின்) ஏறக்குறைய இயல்பான அளவில் இருந்தவர்கள். மஞ்சட்காமாலையோடு வருகின்ற நம்மவர்கள் அவர்களில் இல்லை.

2024 ஜூன் 12

தலவாக்கலைத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த ஒருவர் கேலியாகக் கேட்கிறார்: "நல்ல மருந்து நாலு இருந்தால் நாலையும் ஒரே சேலைனில் ஏற்றிவிட வேண்டியதுதானே?" அவரே தம்முடைய தொழிலிலிருந்து பதிலையும் சொல்லிவிட்டார்: இரண்டு நல்ல தேயிலையைக் கலந்தால் நல்ல கலவை வரும் என்று எந்த டீமேக்கரும் சத்தியம் செய்யமாட்டாராம்.

அவர் சொன்னதற்குப் பொருத்தமான சோதனை ஒன்று நடந்திருக்கிறது. ஜெம்சிடபினும் நாப்-பக்லிடாக்செலும் அடங்கிய சேர்க்கையோடு, நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நிவோலுமாப், சொட்டிகலிமாப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான ஆரம்பக் கட்டத்தில், மதிப்பிடக்கூடிய 24 பேரில் 14 பேருக்குக் கட்டி சுருங்கியது, 58 சதவீதம். செய்தித்தாள் அதைக் கையில் எடுத்தால் தலைப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2022இல் 105 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்த இரண்டாம் கட்ட முடிவு வந்தது. ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள், நிவோலுமாப் மட்டும் சேர்த்த குழுவில் 57.7 சதவீதம், சொட்டிகலிமாப் மட்டும் சேர்த்த குழுவில் 48.1 சதவீதம், இரண்டையும் சேர்த்த குழுவில் 41.3 சதவீதம். பழைய சோதனைகளிலிருந்து எடுத்த ஒப்பீட்டளவு 35 சதவீதம். கூடுதலாகக் கொடுத்த குழுவே மூன்றிலும் பின்தங்கியது. தூண்டுதல் மிகையானால் எதிர்ப்புக் கலங்கள் களைத்துப்போகலாம் என்ற விளக்கம் உண்டு. குழுக்கள் சிறியவை என்பதால் அதையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

2024 ஜூன் 13

இதுவரை எழுதியதை மறுபடி வாசித்தால், ஏதோ கொழும்பிலிருந்து எழுதியதுபோல் இருக்கிறது. நான் அரச வைத்தியசாலையில் மருந்தாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆனால் இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி மருந்தகத்தில் கற்றதன்று. என் அண்ணிக்கு வந்தபோது கற்றது.

அவருக்குக் கொடுத்தது ஜெம்சிடபின் மட்டும். வாரத்துக்கு ஒருமுறை வீதம் மூன்று வாரங்கள், பிறகு ஒரு வாரம் ஓய்வு. எழுதினால் ஒரு வரிதான். நடைமுறையில், மேற்பிரிவு லயத்திலிருந்து விடியுமுன் இறங்கி, பஸ் பிடித்து, கண்டியில் இரத்தம் கொடுத்து, வெள்ளணுக்கள் குறைந்திருக்கின்றன, அடுத்த வாரம் வாருங்கள் என்ற பதிலோடு திரும்பி வந்த நாட்களும் அதில் அடக்கம். அப்படித் திரும்பிய நாளில் அண்ணன் ஒரு நாள் சம்பளத்தை இழந்திருப்பார்; பெரட்டில், அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பதியும் இடத்தில், நின்று காரணமும் சொல்லியிருப்பார்.

ஓர் இரவு அண்ணிக்குக் காய்ச்சல் ஏறியது. வெள்ளணு வீழ்ந்த நிலையில் வரும் காய்ச்சல், காலைவரை காத்திருக்கக்கூடிய காய்ச்சலன்று. சில மணி நேரத்துக்குள் நரம்பு வழியே நுண்ணுயிரெதிர்ப்பி ஏறியாக வேண்டும். மழை. ஓட்டோக்காரர் மேலே வர மறுத்துவிட்டார். கடைசியில் கொழுந்து ஏற்றும் லொறியில் சாக்கு விரித்துக் கீழே கொண்டுபோனார்கள். தேறிவிட்டார், அடுத்த சுற்றில் மருந்தளவைக் குறைத்தார்கள்.

ஃபோல்ஃபிரினொக்ஸ் சோதனையில் இப்படி வெள்ளணு வீழ்ச்சியோடு காய்ச்சல் கண்டவர்கள் 5.4 சதவீதம். ஆய்வாளர்கள் அதை 'சமாளிக்கத்தக்கது' என்ற வகையில் சேர்ப்பார்கள்; பிரான்சின் நகரமொன்றில் அது நியாயமான சொல்தான். ஒரே தீங்கு, ஒரே சதவீதம், ஆனால் பொகவந்தலாவையின் மேற்பிரிவில் அதன் எடை வேறு. தாங்கக்கூடிய அளவு என்று ஒரு சோதனை முடிவுசெய்வதில், மருந்தும் உடம்பும் மட்டுமல்ல, நோயாளிக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலிருந்த பாதையும் கலந்திருக்கிறது. அட்டவணையில் பாதைக்கென்று ஒரு நிரல் கிடையாது.

நான்கு மருந்துச் சேர்க்கையில் புளோரோயூரசிலை மட்டும் 46 மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். எடுத்துச்செல்லும் பம்ப் இருந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையேல் இரண்டு இரவு வார்டில் தங்க வேண்டும்.

2024 ஜூன் 20

"சேர்த்தால் பலன் இல்லாமல் போகலாம், கெடுதல் வருமா?" என்ற கேள்விக்கு: வரும், வந்திருக்கிறது.

சதையிக் கட்டியைச் சுற்றி நாரும் பசைப்பொருளும் கலந்த தடித்த இழையம் ஒன்று வளர்கிறது. அதன் அழுத்தத்தில் இரத்தக் குழாய்கள் நசுங்கிப்போவதால் மருந்து உள்ளே போய்ச் சேர்வதில்லை என்பது நெடுநாள் கருத்து. அதனால் 'மதிலை உடைத்து மருந்தை அனுப்பு' என்ற திட்டம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. 2009இல் எலிகளில், அந்த இழையத்தை வளர்க்கும் சமிக்ஞையைத் தடுத்து ஜெம்சிடபினையும் கொடுத்தபோது, மருந்து கூடுதலாக உள்ளே சென்று எலிகள் நீண்ட நாள் வாழ்ந்தன. மனிதர்களிடம் சரிடெகிப் என்ற மருந்தை ஜெம்சிடபினோடு சேர்த்துப் பார்த்த சோதனையை 2012இல் இடையிலேயே நிறுத்தினார்கள். சேர்க்கை பெற்றவர்களின் நிலை வெறும் ஜெம்சிடபின் பெற்றவர்களைவிட மோசமாக இருந்தது.

பசைப்பொருளைக் கரைக்கும் நொதியத்தின் கதை இன்னும் நீளம். ஜெம்சிடபின், நாப்-பக்லிடாக்செலோடு சேர்த்தபோது இரண்டாம் கட்டத்தில் நம்பிக்கை தந்தது. 2019இல் மூன்றாம் கட்டத்தில், நொதியம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.2 மாதம், பெறாதவர்களுக்கு 11.5 என்று பலனற்றுப்போனது. ஃபோல்ஃபிரினொக்ஸோடு சேர்த்த வேறொரு சோதனையில் சேர்க்கை பெற்றவர்களுக்கு 7.7 மாதம், பெறாதவர்களுக்கு 14.4 மாதம். மேலதிகத் தீங்கினால் சிகிச்சையைப் பாதியில் விட நேர்ந்தவர்கள் அதிகம். புதிய மருந்து புற்றைத் தொடாவிட்டாலும், ஏற்கெனவே வேலைசெய்துகொண்டிருந்த பழைய மருந்தை நோயாளியிடமிருந்து பறித்துவிடக்கூடும். சேர்க்கைச் சோதனையின் தனியான ஆபத்து இதுதான். தனி மருந்துச் சோதனையில் இப்படி ஒன்று இல்லை.

2024 ஜூன் 28

ஹட்டன் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். சென்னையில் 'சோதனையில் இடம் வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் பல இலட்சம் கேட்கிறாராம்.

கொடுக்க வேண்டாம். முறையாக நடக்கும் சோதனையில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளி பணம் கட்டுவது வழக்கமில்லை. இடம் வாங்கித்தரும் தரகர் என்று ஒருவரும் இல்லை. இந்தியாவில் மருந்துச் சோதனைகளைத் தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவதை 2009 ஜூன் முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இலங்கையிலும் இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் 2006 முதல் ஒரு பதிவேடு இருக்கிறது. இரண்டையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம். அந்த ஆளிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

உண்மையான சோதனையாக இருந்தாலும் மாமா அதில் சேரத் தகுதி உள்ளவரா என்பதுதான் அடுத்த கேள்வி. எழுந்து நடமாடித் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்பவரா, பித்தநிறப்பொருள் எவ்வளவு, இரத்த அணுக்கள் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இரினோடீக்கன் பித்தம் வழியே வெளியேறும் மருந்து. பித்தக்குழாய் அடைத்திருக்கையில் அதைக் கொடுத்தால் நஞ்சாகும். ஆகவே காமாலை இருந்தால் முதலில் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைத்துப் பித்தத்தை வடியவிட வேண்டும். கண்டியிலேயே கேட்கவேண்டிய கேள்வி அது, சென்னையில் அன்று. சாப்பிட்டது செரிக்காமல் எண்ணெய் மிதக்கும் மலமாகப் போகிறதா என்றும் சொல்லுங்கள். சதையி நொதியக் குளிசை கொடுத்தால் எடை இறங்குவது மட்டுப்படும். எடை தேறினால் எந்தச் சிகிச்சையையும் தாங்கும் பலம் கூடும்.

2024 ஜூலை 9

நுவரெலியாவிலிருந்து ஒரு தாதி கோபமாக எழுதியிருக்கிறார். நான் ஏழைகளைச் சோதனையிலிருந்து விரட்டுகிறேனாம். சோதனையில் சேர ஒருவரும் முன்வராவிட்டால் அடுத்த மருந்து எங்கிருந்து வரும் என்று கேட்கிறார். கோபத்தில் நியாயம் இருக்கிறது, நானும் இதை இரண்டு நாளாக யோசித்தேன்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் 1991க்கும் 2002க்கும் இடையில் நடந்த 460 முதற்கட்டச் சோதனைகளில் சேர்ந்த 11,935 பேரின் கணக்கை 2005இல் வெளியிட்டார்கள். எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து, கட்டி சுருங்கியவர்கள் 10.6 சதவீதம்; மருந்தின் நஞ்சால் இறந்தவர்கள் 0.49 சதவீதம். ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றாவது இருந்த சோதனைகளில் சுருங்கியவர்கள் 17.8 சதவீதம், புதிய கீமோ மருந்தைத் தனியாகப் பார்த்த சோதனைகளில் 4.4 சதவீதம். ஆகவே பழைய மருந்தோடு புதியதைச் சேர்க்கும் சோதனையில் சேர்பவர் வெறுங்கையோடு நிற்பதில்லை. ஜூன் 20இல் சொன்ன ஆபத்து நேராவிட்டால், பழைய மருந்தின் பலன் அவருக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. தாதியின் வாதத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

என் வாதம் அதற்கு எதிரானதன்று. சோதனையில் சேர்பவர், தமக்கு என்ன கிடைக்கலாம், பின்னால் வருபவர்களுக்கு என்ன கிடைக்கலாம் என்ற இரண்டையும் பிரித்து அறிந்து சேர வேண்டும். சம்மதப் படிவத்தை ஆங்கிலத்தில் நீட்டி, 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று வாயால் சொல்லிக் கைரேகை வாங்கினால், அந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். தமிழில் எழுதிய படிவத்தைக் கேட்பது உரிமை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், படித்த பிள்ளையைக்கொண்டு உரக்க வாசிக்கச் சொல்வதும் உரிமை. எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகுவதும் உரிமை. தோட்டத் துரையிடம் விடுப்புக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கடைசி உரிமையை நம்பவைப்பது எளிதல்ல.

2024 ஜூலை 10

எர்லோட்டினிப் என்ற குளிசையைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஜெம்சிடபினோடு அதைச் சேர்த்த பெரிய சோதனையில் இடைநிலை ஆயுள் 6.24 மாதம், ஜெம்சிடபின் தனியாக 5.91 மாதம். வித்தியாசம் புள்ளியியலின்படி உண்மை. 2005இல் அமெரிக்கா அங்கீகரித்தது. நாட்கணக்கில் பத்து. மீதியை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

2024 ஜூலை 21

கடைசியாக வந்த கேள்வி, புற்றின் வளர்ச்சியைத் தூண்டும் 'கேராஸ்' (KRAS) மரபணுவைத் தடுக்கும் குளிசைகளைப் பற்றியது. சதையிப் புற்றுகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவற்றில் அந்த மரபணு திரிந்திருப்பதால் ஆர்வம் நியாயமானது. சோடோராசிப் என்ற குளிசையை, முன்பே கீமோ பெற்ற 38 நோயாளிகளிடம் பார்த்த முடிவு 2023இல் வந்தது; 21 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் அது வேலைசெய்யும் குறிப்பிட்ட திரிபு சதையிப் புற்றுகளில் ஒன்று இரண்டு சதவீதத்தில்தான் இருக்கிறது. மற்றத் திரிபுகளையும் தடுக்கக்கூடிய புதிய மருந்துகள் இப்போது கீமோவோடு சேர்த்தும் பார்க்கப்படுகின்றன. ஜூன் 3இல் எழுதிய, மருந்தளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கும் படிக்கட்டு அவற்றுக்கும் பொருந்தும்.

ஹட்டன் வாசகருக்கு: குடும்பத்தில் மார்பகம், சூலகம், சதையி இவற்றில் புற்று வந்தவர்கள் இருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிறப்பிலேயே பிராக்கா (BRCA) மரபணு திரிந்தவர்களுக்கு, ஒக்சாலிபிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகைக் கீமோவில் நோய் கட்டுக்குள் நின்றபின் ஓலாபரிப் குளிசை கொடுத்த சோதனையில், நோய் மறுபடி முன்னேறும்வரையான இடைநிலைக் காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமாக நீண்டது. மொத்த ஆயுள் நீளவில்லை. மாமாவின் பித்தநிறப்பொருள் அளவு வந்ததும் இங்கே எழுதுங்கள். ஸ்டென்ட் முடிந்துவிட்டதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நகையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.